பின்சக்கரத்தின் சத்தம்

இரவுச் சாப்பாட்டின்போது என் மகள் அவள் அப்பாவுக்குச் சோறு பிசைந்து கொடுப்பாள். அவருடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட அவருக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அலுவலகத்தில் மதியம் அப்படித்தான் சாப்பிட்டார். வீட்டில் மகள் விடமாட்டாள். சாம்பாரை ஊற்றி, குழையப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, கரண்டியைச் செருகி, தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்த பிறகுதான் தன் தட்டைத் தொடுவாள்.

"எனக்கு என்ன ரெண்டு வயசா? அடுத்து கழுத்துல பிப் கட்டிவிடுவ போல."

"பேசாம சாப்பிடுங்கப்பா."

அவர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவருக்கு அது விளையாட்டு. அவளுக்கு அது தண்டனை. அந்தத் தண்டனை ஆள் மாறி விழுந்திருக்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீடு சிங்கப்பூரில், சுவா சூ காங்கில். வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் நான். என் கணவர் லைசென்ஸ் எடுக்கவே இல்லை. "டிரைவர் வெச்சிருக்கிற குடும்பம்" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடிப்பார். வண்டி, பெட்டி மாதிரி நிற்கும் ஒரு பழைய ஃபோர்-வீல் டிரைவ். சிங்கப்பூர்ச் சாலைக்கு அப்படி ஒரு வண்டி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். கணவரின் அக்கா மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு சின்ன டுரியான் தோட்டத்தில் இருக்கிறார். பெரிய சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே செம்மண் பாதையில் நெடுந்தூரம் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் தண்ணீர் நிற்கும். ஒருமுறை அங்கே ஒரு காருக்குள் தண்ணீர் புகுந்து நின்றுபோனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

நான் பயந்த சுபாவம். மருந்தகத்தில் வேலை, ஒரு மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைக் கையை விட்டுக் கொடுப்பேன். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பை அணைத்தாயா, குடை எடுத்தாயா, ரயில் கதவு பக்கத்தில் நிற்காதே. உயரமான ஸ்ப்ரிங் போட்டு வண்டியை உயர்த்தியதும் பயத்தினால்தான். ஒன்றரை அங்குலம். ஆட்டம் போடுவதற்காக உயர்த்துகிறவர்களுக்கு அது ஒரு உயரமே இல்லை. எனக்கு அந்த ஒன்றரை அங்குலம் தண்ணீருக்கும் என் குடும்பத்துக்கும் நடுவே இருந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஸ்ப்ரிங் வண்டியைத் தாங்குகிறது. பக்கத்தில் குழாய் மாதிரி நிற்கும் அப்சார்பர், ஸ்ப்ரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. உயரமான ஸ்ப்ரிங் போட்டால் அதற்கேற்ற நீளமான அப்சார்பர் வேண்டும். குட்டையானது இருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்ப்ரிங் இன்னும் நீளப் பார்க்கும், அப்சார்பரோ அதற்கு முன்பே தன் எல்லைக்கு வந்துவிடும். சக்கரத்தின் முழு எடையும் அந்தக் குழாயில் தொங்கும். தடால் என்று ஒரு சத்தம் கேட்கும். நான் இதையெல்லாம் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் முதல்முறை இரண்டையும் பொருத்தமாக வாங்கினேன்.

தவறு அதில் இல்லை, வருடாந்தர வண்டிப் பரிசோதனையில் வந்தது. பத்து வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. உயரத்தைப் பற்றி அங்கே யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். விதி என்ன சொல்கிறது என்று யாரிடமும் விசாரித்ததும் இல்லை; விசாரித்தால் கவனித்துவிடுவார்களோ என்று அதற்கும் பயம். எனவே ஒவ்வொரு வருடமும் பரிசோதனைக்கு முன் பழைய ஸ்ப்ரிங்கையும் பழைய அப்சார்பரையும் போட்டு வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்த உயரத்துக்குக் கொண்டுவருவேன். முடிந்ததும் திரும்ப உயர்த்துவேன். கழற்றிய சாமான்கள் போர்க்காலப் பதுங்கலுக்கென்று எங்கள் வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே இருக்கும். "போர் வந்தா நாம வெளியதான் நிக்கணும், உள்ள ஸ்ப்ரிங் உக்காந்திருக்கு" என்பார் கணவர்.

இந்த வருடம் பரிசோதனை முடிந்து திரும்ப மாட்டும்போது, நீளமான அப்சார்பர்கள் எண்ணெய் கசிந்து கிடந்தன. புதிதாக வரவழைக்க வேண்டும், சில வாரங்கள் ஆகும். இந்த வேலைகளை எனக்குச் செய்து தருகிறவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். உதிரிபாகக் கடை ஜாலான் புசாரில், பட்டறை எங்கள் பக்கம் சுங்கை காடுட்டில். எங்கள் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"புதுசு வர்ற வரைக்கும் எல்லாம் ஸ்டாண்டர்டாவே இருக்கட்டும்க்கா. ஸ்ப்ரிங்கும் பழசு, அப்சார்பரும் பழசு. ஜோடி சேர்ந்து இருக்கும்லா."

"அடுத்த சனிக்கிழமை ஜோகூர் போறோம் பாய். மழை. தண்ணி நிக்கும்."

"அப்ப உயர ஸ்ப்ரிங்கோட குட்டை அப்சார்பரா?"

"ஒரு தடவதானே."

அவர் தலையைச் சொறிந்தார். "மெதுவா போனா ஒண்ணும் ஆகாது. மண்ணு ரோட்டுல ரொம்ப மெதுவா. அத மட்டும் மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மறந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அந்த வாரம் மகளுக்குப் பிறந்தநாள். இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்கள்தான். கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான முக்கோண அட்டை இன்னும் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை வண்டியருகே நின்று அவள் சொன்னாள்:

"எனக்கு கிஃப்ட் எதுவும் வேணாம். இன்னைக்கு நான்தான் ஓட்டுவேன். போய்ச் சேர்ற வரைக்கும் அம்மா ஒரு அட்வைஸ்கூட சொல்லக்கூடாது. ஒண்ணே ஒண்ணுகூட."

"அடேங்கப்பா, இதுக்கு ஒரு வைர நெக்லஸ் கேட்டிருக்கலாம்மா, ஈசியா கிடைச்சிருக்கும்" என்றார் கணவர்.

"சொன்னா ஒரு மாசம் பாத்திரம் கழுவறது முழுக்க அம்மா வேலை" என்றாள் மகள்.

"நான் அம்பயர்!"

நானும் சிரித்தேன். ஒத்துக்கொண்டேன். அவள் கேட்டது நியாயம். நான் பக்கத்தில் இருந்தால் அவள் ஒரு சிக்னல் விளக்கைக்கூடத் தானாகத் தாண்டியதில்லை. அன்றைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு உட்கார முடிகிறதா என்று எனக்கே பார்க்க வேண்டும் போலிருந்தது.

பின்னிருக்கையில் நான். நாத்தனாருக்காக முந்தின நாள் சிராங்கூன் சாலையில் வாங்கிய கிரைண்டர் பின்னால் பெட்டியோடு இருந்தது. அதன் கல்லை மட்டும் போர்வையில் சுற்றி என் பக்கத்து இருக்கையில் வைத்து, உருண்டுவிடாமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் அவள் அழகாக ஓட்டினாள். என்னைவிடப் பதற்றமில்லாமல். செம்மண் பாதை பிரிகிற இடத்தில் அவள் வேகத்தைக் குறைத்துத் திரும்பினாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"இங்க வந்து..."

கணவர் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, ஒற்றை விரலை மெதுவாக மேலே தூக்கினார். "போகுது, போகுது, விக்கெட் போகுது..."

மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் உதட்டை மடித்துக்கொண்டேன். கணவர் கைதட்டினார், அவள் ஸ்டீயரிங்கைத் தட்டினாள்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அது அறிவுரைகூட இல்லை, வண்டியைப் பற்றிய தகவல். அது அவர்களுக்கு வித்தியாசமாகக் கேட்டிருக்காது என்பது உண்மைதான். நான் சொல்லும் எல்லாமே ஒரே குரலில் வரும். ஆனாலும் சொல்லியிருக்கலாம். நான் நினைத்தது என்ன தெரியுமா? அவள் எப்படியும் மெதுவாகத்தானே போகிறாள் என்று. அப்புறம், சொன்னால் குட்டை அப்சார்பரோடு ஏன் கிளப்பினாய் என்று அவர் கேட்பாரே என்று.

முதல் பள்ளத்தில் பின்பக்கம் தடால் என்றது. அடுத்த பள்ளத்தில் இன்னும் பலமாக.

"பின்னால என்ன சத்தம்?" என்று கேட்டாள் மகள்.

"கிரைண்டர் கல்லு உருளுதும்மா. உங்க அத்தை மாவு ஆட்டறதுக்குள்ள அது ரோட்டையே ஆட்டிடும்" என்றார் அவர்.

கல் என் கைக்கு அடியில் இருந்தது. அசையவில்லை.

அவள் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று சில நாட்கள் நம்பிப் பார்த்தேன். அவள் பெயர் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. வண்டியில் இருந்த எல்லோரிடமும்தான் கேட்டாள்.

பெரிய வேகம் ஒன்றுமில்லை. ஒரு வளைவு, அதில் வரிசையாகக் குழிகள். பின்பக்கம் ஒருமுறை அடித்தது. பிறகு அடிக்கவில்லை, வண்டியின் பின்பாதி தனியாகத் துள்ள ஆரம்பித்தது. அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். துள்ளல் அடங்கவில்லை. பின்பக்கம் இடதுபுறமாக வழுக்கிப் போய், செம்பனை வரிசையை ஒட்டிய வாய்க்காலில் வண்டி சாய்ந்து இறங்கியது. கணவர் முன்பலகையில் கையை ஊன்றியிருந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து, பாதையில் உட்கார்ந்து, பிறகுதான் கையைப் பார்த்தார்.

தோட்டத்து ஆட்கள் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார்கள். மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டாவால் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வண்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். இடது பின்சக்கரத்து அப்சார்பரின் தண்டு குழாயிலிருந்து முழுதாகப் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. டிராக்டர்காரரிடம் சொல்லி அதைக் கழற்றி ஒரு பையில் போட்டேன். மகள் பார்த்துவிட்டாள்.

"அது என்னம்மா?"

"விழுந்ததுல உடைஞ்சிருக்கு."

இவ்வளவுதான் சொன்னேன். இப்போதும் மருந்தகத்தில் யாராவது "இது எதுக்கு" என்று ஒரு மாத்திரையைத் தூக்கிக் காட்டினால், அந்த வாக்கியம் என் வாயில் வந்து நிற்கிறது.

அன்றிலிருந்து அவள் வண்டிச் சாவியைத் தொடவில்லை. ஒரு மாலை என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க சொல்ல வந்தீங்கம்மா. மெதுவாப் போன்னுதானே சொல்ல வந்தீங்க. நான்தான் உங்க வாயக் கட்டிட்டேன். நீங்க எப்பவுமே சரியாத்தான் சொல்றீங்க." நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "பரவாயில்லம்மா" என்றேன். மன்னிக்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. பிறகு வந்த வாரங்கள் எனக்கு நிம்மதியாக இருந்தன. அவள் எங்கே போனாலும் பேருந்து, ரயில். "ஏறிட்டேன்" என்று ஒரு செய்தி வரும், "இறங்கிட்டேன்" என்று ஒரு செய்தி வரும். நான் கேட்காமலே. நான் எது சொன்னாலும் சரிம்மா என்றாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து நான் வேண்டியது இதுதான். கிடைத்த விதம் தெரிந்தும், கைப்பேசி ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் என் நெஞ்சு குளிர்ந்தது.

அப்படியே விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு வேலை வந்தது. துவாஸில் ஒரு நிறுவனம்; கரையோரமாகப் பல இடங்களுக்குப் போய்க் கடல்நீரை எடுத்து வந்து சோதிக்கிற வேலை. பாலிடெக்னிக்கில் சேர்ந்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டது. மாதிரிப் புட்டிகளோடு பிக்கப் வண்டியைத் தானே ஓட்டிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லப் போறேன்" என்றாள், அப்பாவின் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"ஏம்மா, நேத்துவரைக்கும் அதுதானே கனவு?"

"ஓட்டணும்ப்பா. நான் ஓட்டினா என்ன ஆகும்னு உங்க கையே சொல்லுது."

அவர் முதன்முறையாகச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், நீ ஏதாவது சொல்லேன் என்பதுபோல. நான் அப்பளத்தை உடைத்தேன்.

மறுநாள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜாலான் புசாருக்குப் போனேன். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாய் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, கடைக்கு உள்பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"விழுந்து உடைஞ்சது இல்லையே இது."

"இல்ல."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

நான் மேசையில் கிடந்த கேட்டலாக்கைப் புரட்டினேன்.

"நானும் மாட்டிக் குடுத்திருக்கக் கூடாது. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். நீங்க கேட்டா எனக்கு முடியாதுன்னு வாய் வராது, ஸ்கூல்ல பிள்ளைங்கள அடக்கற ப்ரீஃபெக்டா இருந்தப்ப நீங்க பார்த்த பார்வை அப்படி." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஒண்ணு செய்யலாம்க்கா. அப்சார்பரே பழசு, நான் பழசக் குடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. என் தலையில போடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ஒரு கணம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கூடப் பார்த்தேன், மகள் நம்பியிருப்பாள்.

"வேணாம் பாய். அப்பச் சொல்லாம விட்ட புதுச இப்ப ஆர்டர் பண்ணணும்."

"இந்தத் தடவ கேட்டலாக்ல ஒன்றரை இஞ்சுக்கு என்ன போட்டிருக்கோ அத அப்படியே எடுக்க வேணாம். உங்க ஸ்ப்ரிங் இத்தன வருஷத்துல கொஞ்சம் உக்காந்திருக்கும். ரொம்ப நீளமா எடுத்துட்டா, பாரம் ஏத்தறப்ப மடங்க இடம் இல்லாம அது கீழ முட்டும். குட்டைன்னா தொங்கும். சக்கரத்தத் தொங்கவிட்டு ஒரு அளவு, முழுக்க மேல அழுத்தி ஒரு அளவு. ரெண்டும் வேணும். சனிக்கிழமை பட்டறைக்கு வாங்க. டேப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும், சார கூட்டிட்டு வாங்க."

"அவருக்குக் கை கட்டுல இருக்கு."

"ஓ." பையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப வேற யாரு இருக்கா உங்க வீட்டுல?"

வெள்ளிக்கிழமைக்குள் பதில் என்றால் சனிக்கிழமை ஆகாது. வியாழக்கிழமை மாலையே வருகிறேன் என்றேன்.

மகள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஓட்ட வேண்டாம், டேப் மட்டும் பிடி என்றேன். சரிம்மா என்றாள். அந்தச் சரிம்மா எனக்குக் குத்தியது.

பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாய் ஏதோ சாமான் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வேண்டுமென்றே போனார். மகள் அடியில் குனிந்து மேல் போல்ட்டில் டேப்பின் நுனியை வைத்துக்கொண்டாள். நான் கீழ் போல்ட்டுக்கு இழுத்தேன்.

"எவ்ளோம்மா?"

"ஐம்பத்திரண்டு சென்டி."

"பழசு எவ்ளோ நீளம்?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். தெரியல என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. வலது பக்கத்து அப்சார்பர் உடையாமல் கழற்றிப் பெஞ்சின்மேல் கிடந்தது. அதை எடுத்து, முழுக்க இழுத்து, அவளிடம் நீட்டினேன்.

"நீயே அள."

அளந்தாள். மறுபடி அளந்தாள். "நாற்பத்தெட்டு சென்டி. பத்தலையேம்மா. இது எப்படி மாட்டியிருந்தது?"

"மாட்டலாம். வண்டி நிக்கறப்ப மாட்டலாம். பள்ளத்துல சக்கரம் இறங்கினா தொங்கும், இழுக்கும். அன்னைக்கு அதுதான் இழுத்துச்சு. அது பிடுங்கினதுனாலதான் வண்டி துள்ளிச்சு. விழுந்ததுனால உடையல. உடைஞ்சதுனால விழுந்தோம்."

அவள் அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கிளம்பறதுக்கு முன்னாலயே. மண்ணு ரோட்டுல மெதுவாப் போகணும்னு பாய் சொன்னாரு."

"அந்தத் தடால் சத்தம்?"

"தெரியும்."

"அப்பா கிரைண்டர்னு சொன்னப்ப?"

"கல்லு என் கையிலதான் இருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"பந்தயம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை. "பாத்திரம் கழுவ பயமா?"

"இல்லம்மா. குட்டை அப்சார்பரோட ஏன் கிளப்பினன்னு கேப்பீங்கன்னு பயம்."

"சரி. அப்புறம்? வாரக்கணக்கா நான் அப்பாவுக்குச் சோறு பிசையறேன். பஸ்ல பிரேக் போட்டாக்கூட கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கறேன். நீங்க எதிர்ல உக்காந்து பார்த்துட்டு இருந்தீங்க. அது எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு ஒரு மரியாதையான பதில் இருந்தது. பயந்துவிட்டேன், சொல்ல நேரம் பார்த்தேன், அப்படி ஏதாவது. அவள் கையில் அந்த இரும்பைப் பார்த்ததும் அது வரவில்லை.

"நீ பஸ்ல போறது எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அவள் அப்சார்பரைப் பெஞ்சில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். வெளியே போனாள். சாலையோரம் லாரிகள் போவதைப் பார்த்தபடி நின்றிருந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"இன்னொரு அளவு இருக்குல்ல. மேல அழுத்தி எடுக்கறது. பிடிங்க."

எடுத்தோம். எண்ணை அவளே தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். பாய் வந்ததும் அவரிடம் நேராகப் போய், அப்சார்பர் எவ்வளவு நீள வேண்டும், எவ்வளவு மடங்க வேண்டும், இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் மிச்சம் வேண்டும் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னபோது, "என்கிட்ட சொல்லுங்க மாமா" என்றாள். பிறகு பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். நான் வேறு பேருந்தில் வந்தேன். என் கைப்பேசி வழியெல்லாம் மடியில் இருந்தது. "ஏறிட்டேன்" வரவில்லை. "இறங்கிட்டேன்" வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். வேலையை ஒத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் பதில் அனுப்பியதையும் அவரிடம்தான் சொன்னாள். அன்று இரவு அவள் சோறு பிசையவில்லை. அவர் இடது கையால் கரண்டியை எடுத்துத் தானே சாப்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பல நாள் அவர் என்னை வழக்கம்போல் கேலியாக மேடம் என்று கூப்பிடவில்லை. என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்வார். கட்டு பிரித்த அன்று, மெலிந்து வெளுத்துப் போயிருந்த கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும்தான் விரலைத் தூக்கினேன்." அதை எனக்குச் சொன்னாரா, கைக்குச் சொன்னாரா தெரியவில்லை. அன்று முதல் ஒரு மாதம் பாத்திரம் நான்தான் கழுவினேன். யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

புது அப்சார்பர்கள் வந்ததும் மகள்தான் பட்டறைக்குப் போய் நின்று மாட்டவைத்தாள். வேலையில் சேரும் முன் ஞாயிற்றுக்கிழமை காலை, துவாஸ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். நான் வாசலில் நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"வேணும்னா வாங்க. பின்னால உக்காருங்க. வண்டியப் பத்தின்னா சொல்லுங்க. என்னப் பத்தின்னா வேணாம்."

பின்னால் உட்கார்ந்தேன். கண்ணாடியில் முக்கோண அட்டை இருந்தது. முதல் வேகத்தடையில் அவள் தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்தாள். ஏறக்குறைய நின்றே விட்டாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் தோள்கள் இறுகுவதைப் பார்த்தேன். வண்டி இறங்கியது, ஒருமுறை எழுந்தது, அடங்கியது. என் உடம்பு அடுத்த துள்ளலுக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை.

துவாஸில் கனரக லாரிகள் ஓடி ஓடி மேடுபள்ளமாகிவிட்ட ஒரு சாலை. அங்கே பின்பக்கம் லேசாக ஏதோ தட்டியது.

"பின்னால என்ன சத்தம்?"

நான் திரும்பி, இருக்கைக்குப் பின்னால் கையை நீட்டித் தேடினேன். அவளுக்கென்று நான் கட்டிவந்த டிபன் பாக்ஸ் சாய்ந்து கிடந்தது.

"டிபன் பாக்ஸ். மூடி தட்டுது. நான் பிடிச்சுக்கறேன்."

அவள் இண்டிகேட்டர் விளக்கைப் போட்டு, ஓரமாக நிறுத்தினாள். இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். என் கையில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். பிறகு தரையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, இடது சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தாள். எழுந்து அந்தப் பக்கம் போய் வலது சக்கரத்தையும் பார்த்தாள். குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும். வண்டி லேசாக அசைந்தது. லாரிகள் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. ஓரமாக நில்லு என்று சொல்லத் துடித்த வாயை மூடிக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.